மைனி என்ற பெயர் கிடைக்கவில்லை

பிழைச் செய்தி ஒரே வரிதான்.

"மைனி: இந்தப் பெயருக்கு வரையறை கிடைக்கவில்லை. இணைப்பு நிறுத்தப்பட்டது."

மாலைநேரக் கணினி வகுப்பில் செய்முறைத் தேர்வுக்காக ஆளுக்கொரு நிஜ வேலை கொடுத்திருந்தார்கள். குரல் சேவை மையத்தில் யாராலும் தீர்க்க முடியாமல் தேங்கிக் கிடப்பவற்றிலிருந்து எடுத்துக் கொடுப்பது வழக்கம். எனக்கு வந்தது இது. பக்கத்து இருக்கை இர்ஃபான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு சொல்லுதானே சுகிர்தா, அதைத் தூக்கிட்டு லிங்க் பண்ணு. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும். என்னோடதைப் பாரு, இருநூறு எரர்" என்றான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். இவ்வளவு எளிதானதை ஏன் யாரும் தீர்க்கவில்லை என்று பிறகு தோன்றியது. எளிதாகத் தெரிவதெல்லாம் எனக்குச் சரியாகப் புரியாதவை என்பதே இதுவரை என் அனுபவம்.

அன்று போனில் அம்மா கேட்டாள். அம்மா ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறாள். நான் அம்பத்தூரில் ஒரு விடுதியில் இருக்கிறேன். பகலில் மருந்து மொத்த வியாபாரக் கடையில் பெட்டிகளின் பேட்ச் எண்ணை வாசிக்கும் வேலை.

"லைப்ரரி வேலைங்கியே, புஸ்தகம் அடுக்கதா?"

"இல்லம்மா. தொண்டையில ஆபரேஷன் ஆனவங்க கழுத்துல ஒரு வில்லை ஒட்டியிருப்பாங்கல்லா? அவங்க வாயசைச்சா அது பேசும்லா? அதுக்கு."

"அந்தத் துணுக்குக்குள்ள அம்புட்டு வார்த்தையும் இருக்குமோ?"

"இடம் பத்தாதும்மா. ஒருத்தர் குரல் எப்படி, எவ்வளவு வேகமாப் பேசுவார், அது மட்டுந்தான் அவரோட வில்லையில. வார்த்தையெல்லாம் பொதுவா ஒரு இடத்துல வச்சிருப்பாங்க. எல்லாருக்கும் அதேதான். வில்லை பேரைச் சொல்லிக் கேக்கும், அங்கேருந்து வரும். அதைத்தான் லைப்ரரிங்கது. ரெண்டையும் கோத்து விடுறது லிங்கர்."

"கேட்ட பேரு அங்க இல்லைன்னா?"

"எரர்."

"அந்த ஒரு வார்த்தை மட்டும் வராதாக்கும்."

"இல்லம்மா. ஒண்ணு இல்லைன்னா ஒண்ணுமே வராது. பேச்சு முழுசா நின்னுரும்."

"இது என்ன கொடுமைட்டி" என்றாள். பிறகு, "சாப்ட்டியா?" என்றாள். அதன் பிறகு எங்களுக்குள் பேச எதுவும் இருப்பதில்லை.

அறைத்தோழிக்கு இரவுப் பணி. அவள் துவைத்துப் போட்டிருக்கும் துணிகளை வைத்துத்தான் அவள் வந்து போனது எனக்குத் தெரியும். கதவைத் திறக்கும்போதெல்லாம் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போக வேண்டும்போல் இருக்கும். வாய் அசையும். கூப்பிடப் பெயர் இருக்காது.

*

பிழையில் நின்ற வில்லை பொன்னுலிங்கத்தினுடையது. அவர் வீடு கொரட்டூரில், இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவர் கலைவாணி. முப்பத்தைந்து வயது இருக்கும், ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"வாங்க. நீங்களும் அதையேதான் சொல்லப் போறீங்களா?" என்றவர் உள்பக்கம் திரும்பி, "சித்தப்பா, சென்டர்லேருந்து ஆள் வந்திருக்கு. கோபப்படாமக் கேளுங்க" என்றார்.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கழுத்தில் வில்லை இருந்தது; அதன் சிறு விளக்கு அணைந்திருந்தது. மடியில் குழந்தைகள் எழுதி அழிக்கும் பலகை.

நான் தயாரித்துக்கொண்டு போயிருந்ததைச் சொன்னேன். "சார், அந்த ஒரு சொல்லை எடுத்துட்டா நாளைக்கே நீங்க பேசலாம். இல்லைன்னா அதுக்குப் பதிலா 'அண்ணி'ன்னு மாத்திக்கலாம். ரெண்டும் அண்ணன் மனைவிதானே."

அவர் எழுதிக் காட்டினார்: மத்த வார்த்தையெல்லாம் நீயே வச்சுக்கோ.

"பாத்தீங்களா?" என்றார் கலைவாணி. "மூணு வாரமா இப்படித்தான். ஒரு வார்த்தைக்காக ஊமையா உக்காந்திருக்கார்."

உள்ளறையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "யாரு வந்திருக்கா? லிங்கமா?"

பொன்னுலிங்கம் எழுந்த வேகத்தில் பலகை தரையில் விழுந்தது. அறை வாசலில் போய் நின்றார். கட்டிலில் இருந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கண் பார்வை போயிருந்தது, முகம் வாசலுக்கு நேராக இல்லாமல் சற்றுத் தள்ளிப் பார்த்தது. பொன்னுலிங்கம் இரண்டு கைகளையும் தட்டினார்.

"எவன்ல அது, கோழி விரட்டுதாப்புல?" என்றாள் அந்த அம்மா.

கலைவாணி தட்டில் ரசம் சோறு பிசைந்து எடுத்து வந்தார். "அம்மா, வாயைத் தொற."

"லிங்கம் வரட்டும்."

"அவர் இங்கதாம்மா நிக்கிறார். உன் முன்னாலதான்."

"நிக்கான்னா கூப்பிட மாட்டானா?"

பொன்னுலிங்கத்தின் உதடு அசைந்தது. எனக்கு அந்தச் சொல் தெரியும் என்பதால் உதட்டிலேயே அதைப் படிக்க முடிந்தது. அவர் நெருங்கிப்போய்க் கையைத் தொட்டார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சேலையைத் தோள்வரை போர்த்திக்கொண்டாள்.

தட்டு அப்படியே திரும்பிப் போனது. இரண்டு வாய் கஞ்சிகூட இறங்குவதில்லை என்றார் கலைவாணி. அந்த அம்மாவின் கழுத்தெலும்புகள் தெரிந்தன.

கலைவாணி என்னை வழியனுப்பப் படிக்கட்டு வரை வந்தார். கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்கப்பா நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டார். லாரி விபத்து. சித்தப்பாதான் அப்புறம் எங்கம்மாவைக் கட்டிக்கிட்டார். அம்மாவைவிட ஆறேழு வயசு சின்னவர். ஊர்ல வாய்க்கு வந்ததைப் பேசினாங்க, இங்க வந்துட்டோம். கட்டினதுக்கு அப்புறமும் அவர் மைனின்னுதான் கூப்பிட்டார். அம்மாவும் 'லே'ன்னுதான். நானும் சித்தப்பாவை அப்பான்னு மாத்திக்கலை. யாரும் மாத்தணும்னு சொல்லவும் இல்லை."

"சென்டர்ல இதைச் சொல்லலையா?"

"எப்படிங்க சொல்றது? வில்லைக்குப் புதுப் பதிப்பு ஏத்தப் போனப்போ அங்க இருந்த பையன், 'அண்ணன் ஒய்ஃபா? அப்போ அண்ணி, ஓகே'ன்னான். மாத்தியும் கொடுத்துட்டான். வீட்டுக்கு வந்து இவர் கூப்பிட்டார். வில்லை 'அண்ணி'ன்னுச்சு. யாரோ வெளி ஆம்பளை உள்ள வந்துட்டான்னு அம்மா கத்தினாங்க. இப்ப அம்மாவுக்கு ஞாபகம்னு மிச்சம் இருக்கிறதே அந்த ஒரு கூப்பாடுதான். அதைத் திருப்பிக் கொடுங்கன்னு வில்லையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதுலேருந்து எரர்."

கீழே இறங்கும்போது, "அர்த்தம் ஒண்ணுதானே" என்று நான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

*

முறைப்படி ஆரம்பித்தேன். முதலில், அந்தப் பெயர் உண்மையிலேயே லைப்ரரியில் இல்லையா, அல்லது வேறு எழுத்தில் ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். மய்னி, மயினி, மைனீ. எதுவும் இல்லை. எட்டாம் பதிப்பில் இருந்திருக்கிறது, ஒன்பதில் இல்லை.

"அதிகம் பேர் கேட்காத சொல்லையெல்லாம் ஒன்பதாம் பதிப்புல கழிச்சுட்டாங்க" என்றார் எங்கள் பயிற்றுநர் மகேந்திரன் சார். "அண்ணி, மைனி, மதினி, நங்கை எல்லாம் ஒண்ணுதானேன்னு யாரோ ஒரு மீட்டிங்ல முடிவு பண்ணியிருப்பான்."

"ஒண்ணு இல்லையே சார்."

"லைப்ரரிக்கு அர்த்தம் தெரியாதும்மா. பேர் தெரியும், அந்தப் பேர் எந்த இடத்தைக் காட்டுதுன்னு தெரியும். அவ்ளோதான்."

அந்த வீட்டில் நடந்ததும் அதுதான் என்று பட்டது. பெயர் பழையபடியே இருந்தது. அது காட்டிய இடம் மட்டும் மெல்ல நகர்ந்து வேறொன்றாகியிருந்தது. சொல்லியிருந்தால் சார் சிரித்திருப்பார்.

இரண்டாவதாக, பயிற்சிக் கூடத்தில் கிடந்த எட்டாம் பதிப்பிலிருந்து அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக் கடைசியில் சேர்த்தேன். லிங்கர் ஒத்துக்கொண்டது. பெருமையாக எடுத்துக்கொண்டு கொரட்டூருக்கு ஓடினேன். பொன்னுலிங்கம் உள்ளறை வாசலுக்குப் போகாமல் என் முன்னாலேயே சொல்லிப் பார்த்தார். வில்லையிலிருந்து 'மை' வந்தது, தொடர்ந்து தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஓர் ஓசை. பழைய பதிப்பு ஒலியைப் பதியும் முறை வேறு, புதியதன் முறை வேறு. பெயர் பொருந்தினால் போதும் என்று நான் நினைத்துவிட்டேன். அவர் சத்தமில்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். பலகையில், காக்கா, என்று எழுதினார். எனக்கு அழுகை வந்தது. அதற்கும் கீழே, பரவால்ல, என்று எழுதினார்.

"அப்போ புதுசா ஒருத்தர் பேசித்தான் கொடுக்கணும்" என்றார் மகேந்திரன் சார். "மத்த சொல்லையெல்லாம் மெஷினே பேசிடும். கூப்பிடற சொல்லை மட்டும் மனுஷன்தான் பேசிக் கொடுப்பான். மெஷின் கூப்பிட்டா எவனும் திரும்ப மாட்டேங்கிறான், முதல் பதிப்புலயே பாத்துட்டாங்க. நீ பேசு. உங்க ஊர்ச் சொல்லுதானே?"

"ஆம்பளைக் குரல் வேணுமே சார்."

"குரல் அவரோடது, அதை வில்லை பாத்துக்கும். அந்தக் கூப்பாடு இருக்குல்ல, இழுப்பு, ஏத்தம், அது மட்டும்தான் உன்னுது."

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரு முழுக்கக் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் ஒரே பிள்ளை. அண்ணன் இல்லை, அதனால் மைனியும் இல்லை. அந்தச் சொல்லால் நான் யாரையும் கூப்பிட்டதே இல்லை.

ஒலிப்பதிவு அறை பீரோ அளவுதான் இருக்கும், சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். திரும்பப் போட்டுக் கேட்டபோது பேட்ச் எண் வாசிப்பது போல் இருந்தது. இன்னும் பல தடவை சொன்னேன். ஒரு கட்டத்தில் அது சொல்லாகவே கேட்கவில்லை. தேறியதை எடுத்துக்கொண்டு வந்து இணைத்தேன்.

"மைனி: இந்தப் பெயருக்கு வரையறை கிடைக்கவில்லை."

அதே வரி. சொல்லைப் பேசி, கோப்பாக்கி, சரியான இடத்தில் வைத்திருக்கிறேன். இருந்தும் கிடைக்கவில்லை என்கிறது. என் குரல் அதற்குக் கேட்கவே இல்லையோ என்றுகூட நினைத்தேன். இர்ஃபான் திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏய், வரிசையைப் பாரு. உன் சொல்லை முதல்ல எழுதியிருக்கே, அவரோட ப்ரோக்ராமை அப்புறம் எழுதியிருக்கே."

"அதனால என்ன? ரெண்டும் இருக்கே."

சார் எட்டிப் பார்த்தார். "முதல் மாசம் நடத்தினதும்மா இது. லிங்கர் இடமிருந்து வலமா ஒரே ஒரு தடவைதான் படிச்சுட்டுப் போகும். சாப்பிட ஆள் வர்றதுக்கு முன்னாடியே நீ சோத்தைப் போட்டு வச்சிருக்கே. அது பாக்குது, யாருமே கேக்கலையேன்னு ஓரமா வச்சுட்டுப் போயிடுது. அப்புறம் ஆள் வந்து கேக்கும்போது இலையில ஒண்ணும் இல்லை. கேக்கிறவர் முதல்ல, கொடுக்கிறவர் அப்புறம்."

வகுப்பு சிரித்தது. வரிசையை மாற்றினேன், பிழை போய்விட்டது. ஆனால் நான் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. இணைப்பு சரிதான், கூப்பாடு சரியில்லை. பஞ்சுச் சுவருக்கு முன்னால் நான் செய்ததும் அதே தப்பு என்று தோன்றியது. கேட்க யாரும் வரும் முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

*

சனிக்கிழமை மத்தியானம் கொரட்டூருக்குப் போனேன். மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டேன். கலைவாணி சோறு பிசைந்தார். பொன்னுலிங்கம் எனக்குச் சொல்லிக் கொடுக்க முயன்றார். குரல் இல்லாததால் கையால். கையைத் தாழ்வாகத் தொடங்கி, மேலே கொண்டுபோய், அங்கேயே கொஞ்சம் நிறுத்தி, பிறகு விட்டுவிட்டார். பேருந்தை நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்துவது போல இருந்தது.

உள்ளறை வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"யாரு பிள்ளை? நர்ஸா?" என்றாள் அந்த அம்மா. "ஊசியெல்லாம் வேண்டாம், போயிரு."

பொன்னுலிங்கம் கையை மறுபடி காட்டினார். மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை அவள் சுவர் பக்கம் புரண்டு படுத்தாள். கலைவாணி தட்டை மேசைமேல் வைத்தார். வைத்த விதத்தில் அது இன்றைக்கும் அவ்வளவுதான் என்பது தெரிந்தது.

நான் மைக்கை மறந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவள் திரும்பவே மாட்டாளோ என்று உண்மையிலேயே பயம் வந்தது. விடுதிக் கதவைத் திறக்கும்போது வாய்க்குள்ளேயே நின்றுபோகும் அந்தப் பெயரில்லாத கூப்பாடு, அது வந்தது.

"மைனி..."

அவள் சட்டென்று திரும்பினாள்.

"எங்கல போய்த் தொலைஞ்ச இத்தனை நாளு? சோறு ஆறுது பாரு!"

கையை நீட்டினாள். என்னை நோக்கித்தான் நீட்டினாள். நான் அசையாமல் நின்றேன். பொன்னுலிங்கம் என்னைக் கடந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்து, அந்தக் கைக்குள் தன் கையை வைத்தார். இந்தத் தடவை அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

கூடத்தில் உட்கார்ந்து இணைத்தேன். முதலில் அவர், பிறகு என் சொல். எல்லாம் கூடிவிட்டால் லிங்கர் எதுவும் சொல்லாது. பிழை இருந்தால்தான் பேசும். திரை வெறுமையாக இருந்தது. அவர் கழுத்தில் வில்லையின் விளக்கு எரிந்தது.

கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, உருண்டை பிடித்துக்கொண்டு, அதன் பிறகுதான் கூப்பிட்டார். அவருடைய குரல், ஆழமான, கொஞ்சம் புகையிலை கலந்த குரல். கூப்பாடு மட்டும் என்னுடையது.

"என்னல, தாறியா, கையிலயே வச்சிருக்கப் போறியா?" என்று அவள் வாயைத் திறந்தாள்.

கலைவாணி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டார். நான் மைக்கைச் சுருட்டிப் பையில் வைத்தேன். செருப்பைப் போடும்போது பொன்னுலிங்கம் உள்ளேயிருந்து சொன்னார், "பிள்ளை, டீ குடிச்சிட்டுப் போ." இத்தனை வாரங்களுக்குப் பிறகு அந்த அம்மாவைத் தவிர வேறொருவரிடம் அவர் பேசிய முதல் வாக்கியம். "இருக்கட்டும் சார், நேரமாச்சு" என்று நான் சொல்லிவிட்டேன். எனக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று பஸ் ஸ்டாப் வரை யோசித்துக்கொண்டே போனேன்.

*

தேர்வில் தேறினேன். அதைவிட, சார் அடுத்த வாரம் சொன்னதுதான் மனதில் நிற்கிறது.

"உன் சொல்லைப் பொது லைப்ரரிக்கும் அனுப்பி வச்சேன், உன்கிட்ட கையெழுத்து வாங்கினேனே, அது. ஏத்துக்கிட்டாங்க. இங்க வந்து பாரு."

திரையில் வில்லைகளின் வரிசை ஓடியது. தூத்துக்குடி, நாகர்கோவில், வள்ளியூர், பம்பாய்கூட. நாற்பதுக்கும் மேல்.

"இவங்கெல்லாம் யாரு சார்?"

"அதே எரர்ல நின்னவங்க. 'அண்ணி'ன்னு மாத்திக்கச் சொன்னதுக்கு மாட்டேன்னவங்க. அந்த ஒரு சொல்லுக்காக வாயை மூடிட்டு ஆளாளுக்கு ஒரு வீட்டுல உக்காந்திருந்திருக்காங்க. ஏத்தின அன்னிக்கே எல்லாம் கோத்துக்கிச்சு."

இர்ஃபான் விசிலடித்தான். "இனி நீ சளி பிடிச்சுக் கெடந்தாக்கூட அங்க நாற்பது பேர் உன்னை மாதிரியே கூப்பிடுவாங்க."

"திருப்பி எடுக்க முடியுமா சார்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"எடுக்கலாம், உன் உரிமைதான். எடுத்தா அத்தனை பேருக்கும் பேச்சு நின்னுடும்." திரையிலிருந்து என் பக்கம் திரும்பி, "எடுப்பியா?" என்றார்.

தலையசைத்து மறுத்தேன். அந்த நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட என் பெயர் தெரியாது. இருந்தாலும் அன்று விடுதிக்கு நடக்கும்போது, பையில் உடையக்கூடிய எதையோ கொண்டுபோவது போல் நடந்தேன்.

பிறகு ஒரு மாலை, அம்பத்தூர் ரயில் நிலையத்தில், வகுப்புக்குப் போக வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

"மைனி..."

தாழ்வாகத் தொடங்கி, மேலே போய், அங்கே ஒரு கணம் நின்றது. திரும்பவே மாட்டாளோ என்ற அந்தப் பயம்கூட அப்படியே இருந்தது. நான் திரும்பினேன்.

கழுத்தில் வில்லையோடு ஒருவர், கையில் காய்கறிப் பை. அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, தண்ணீர்க் குழாயடியில் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். அவரும் திரும்பினார்.

"ஏன்ல, இப்ப கொஞ்ச நாளா இப்படிப் பயந்துபோய்க் கூப்பிடுத?" என்றார் அந்தப் பெண்மணி. "இங்கதான இருக்கேன். எங்க போயிருவேன்?"

என் வண்டி வந்து, நின்று, போயிற்று.